சின்ன டிராக்டருக்கு எந்தப் புதர்வெட்டி? சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வாங்கிக் கொடுப்பவர்களின் கேள்விகள்

வேலை சிங்கப்பூரில், நிலம் பேராவூரணியிலோ அறந்தாங்கியிலோ ஜோகூர் கூலாயிலோ. இப்படி இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆள் கிடைக்காத ஊரில் தோட்டத்தைக் காப்பாற்ற மினி டிராக்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்து அதன் பின்னால் மாட்டும் புதர்வெட்டியைப் பற்றி விசாரிக்கிறார்கள். சுங்கை காடுட்டில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்ப்பதால் இந்தக் கேள்விகள் என்னிடமும் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நேராக, மற்ற நாள்களில் வாட்ஸ்அப்பில். அடிக்கடி வருகிறவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "ஓட்டப்போவது யார்?" என்பதுதான். பணம் கொடுப்பது நீங்கள். சீட்டில் உட்காரப்போவது உங்கள் தம்பி, அக்கா மகன் அல்லது ஊரில் வேலைக்கு வரும் ஒருவர். எந்த அளவு, எந்த கிளட்ச், எந்தத் தடுப்பு என்று இங்கிருந்து நீங்கள் முடிவு செய்வது அவருடைய கையையும் காலையும் பொறுத்த விஷயம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை மனத்தில் வைத்து எழுதியவை.

புதர்வெட்டி என்றால் முதுகில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுவார்களே, அதுவா?

அதுவல்ல. இது டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது. தமிழ்நாட்டுக் கடைகளில் 'ரோட்டரி ஸ்லாஷர்' என்று கேளுங்கள். மேலே தடித்த இரும்புத் தகட்டு மூடி, அதன் நடுவில் கியர் பாக்ஸ். டிராக்டரின் பின்னால் இன்ஜின் பலத்தில் சுற்றும் முனைக்குப் பெயர் பி.டி.ஓ.; அது ஒரு ஷாஃப்ட் வழியாக கியர் பாக்ஸைச் சுற்றும். அடியில் வட்டத் தட்டோ குறுக்குச் சட்டமோ இருக்கும். அதன் இரு முனைகளிலும் இரண்டு கனமான பிளேடுகள் ஒற்றை போல்ட்டில் தளர்வாகத் தொங்கும். சுற்றும்போது அவை விரிந்து நிற்கும். கல்லிலோ கட்டையிலோ பட்டால் மடங்கிப் பின்னால் போய்விடும்.

பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றினால் கியர் பாக்ஸ் அதை ஏறக்குறைய 1,000 சுற்றாக ஏற்றிக் கொடுக்கும். நான்கு அடி வெட்டியில் பிளேடு நுனியின் வேகம் அப்போது மணிக்கு 220 கிலோமீட்டருக்கும் மேல். இது கூர்மையால் அறுக்கும் கருவி அல்ல, அடித்து முறிக்கும் கருவி. அந்த நுனியில் ஒரு கல் பட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வண்டி 24 எச்.பி. எத்தனை அடி வெட்டி வாங்கலாம்?

நான்கு அடி.

24 என்பது இன்ஜின் பலம். வெட்டிக்குப் போய்ச் சேருவது பி.டி.ஓ.வில் கிடைக்கும் பலம் மட்டும்தான். பொதுவாக இன்ஜின் பலத்தில் 85 விழுக்காடு அளவுக்கு அங்கே வரும்; சில வண்டிகளில் இன்னும் குறையும். விற்பவர் வாயால் சொல்வதை வைத்துக்கொள்ள வேண்டாம். இந்தியாவில் விற்கும் டிராக்டர்களுக்கு மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள அரசுச் சோதனை நிலையம் அறிக்கை தருகிறது. பி.டி.ஓ. பலம் அதில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

கணக்கு எளிது: வெட்டும் அகலத்தில் அடிக்கு 5 பி.டி.ஓ. எச்.பி. அப்படியென்றால் 20 கிடைக்கும் வண்டிக்கு நான்கு அடி, 25க்கு ஐந்து அடி, 30க்கு மேல் என்றால்தான் ஆறு அடி. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வெட்டிச் சீராக வைத்திருக்கும் இளம்புல்லுக்கு அடிக்கு 4 எச்.பி. இருந்தாலே ஓடும். இரண்டு ஆண்டு கவனிக்காமல் விட்ட புதருக்கு 5 கூடப் போதாமல் போகலாம்.

கடைக்காரர் ஐந்து அடியையும் உங்கள் வண்டி இழுக்கும் என்கிறாரே?

இழுக்கத்தான் செய்யும். ஆனால் வெட்டும்போது இன்ஜின் சுற்று இறங்கும், அதோடு பிளேடு வேகமும் இறங்கும். அடித்து முறிக்கும் கருவிக்கு வேகம் போய்விட்டால் எல்லாம் போயிற்று. புல்லை வெட்டாமல் மடக்கிப் படுக்க வைத்துவிட்டு மேலே ஏறிப் போகும். இரண்டு நாளில் அது மறுபடி எழுந்து நிற்கும்.

நான்கு அடி வெட்டியோடு மணிக்கு 4 கிலோமீட்டரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலம் 1.2 மீட்டர். மணிக்கு 4,800 சதுர மீட்டர். திருப்பங்களுக்கும் ஓரம் மேல் ஓரம் விழுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 3,840. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு ஏக்கர் முடியும். ஐந்து அடியை மாட்டி, வண்டி திணறுவதால் 2.5 கிலோமீட்டருக்கு இறங்க வேண்டியிருந்தால் அதே கணக்கில் 3,000 சதுர மீட்டர்தான் ஆகும். அகலம் கூடியும் வேலை குறைகிறது, டீசல் வேறு கூடுகிறது.

அகலத்தில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வெட்டி, பின் டயர்களின் வெளிவிளிம்புக்காவது சமமாக இருக்க வேண்டும். டயர் நசுக்கிப் போகும் புல் வெட்டுப்படாது. மினி டிராக்டர்களின் பின்பக்க அகலம் பெரும்பாலும் நான்கு அடிக்குள்ளேயே அடங்கிவிடும். டேப் வைத்து அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். தோராயமாகச் சொன்னால் ஏற்காதீர்கள்.

எங்கள் நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறுமா?

மிகவும் மாறும். அளவை டிராக்டர் தீர்மானிக்கிறது என்றால், கனத்தை நிலம் தீர்மானிக்கிறது.

தென்னந்தோப்பு என்றால், 25 அடி இடைவெளியில் மரங்கள் நிற்பதால் நான்கு அடி வெட்டி தாராளமாகப் புகுந்து வரும். புல், கோரை, இளம் செடிகள்தான் பகை. ஒரு அங்குலக் குச்சி வரை வெட்டும் இலகு ரகம் போதும். விழுந்து கிடக்கும் மட்டையை மட்டும் முன்கூட்டியே ஓரமாக இழுத்துப் போட்டுவிட வேண்டும். அதன் அடிப்பகுதியை இந்த வெட்டி பொடியாக்காது, தூக்கித்தான் எறியும். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகள் பல தோப்புகளில் இன்னும் எடுக்கப்படாமல் புல்லுக்குள் மறைந்திருக்கின்றன. வெட்டி இறங்குவதற்கு முன் ஒருவர் கம்போடு நடந்து, ஒவ்வொரு கட்டையின் பக்கத்திலும் வெள்ளைத் துணி கட்டிய குச்சியை ஊன்றிவிட்டு வரட்டும்.

சீமைக்கருவேலம் வேறு கதை. விரல் பருமன் இருக்கும் வரை நடுத்தர ரகம் வெட்டிவிடும். அதற்குமேல் இரண்டு அங்குலம் வரை வெட்டும் என்று எழுதியிருந்தாலும், 24 எச்.பி. வண்டியில் நாள் முழுக்க அதைச் செய்ய முடியாது. தவிர, வெட்டினால் அது சாகாது; அடிக்கட்டையிலிருந்து நான்கு தண்டாகக் கிளம்பும். முள்ளும் ஈட்டி போல் நிற்கும் வெட்டுக்கட்டையும் டயரைக் குத்தும். இரண்டு பஞ்சருக்கு நாலைந்து நாள் வேலை நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். வளர்ந்த கருவேலத்தை ஜே.சி.பி. வைத்து வேரோடு எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு முளைக்கிற கன்றுகளை ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டி அடக்குவதுதான் ஸ்லாஷரின் வேலை.

ஜோகூர்ப் பக்கம் லாலாங் புல். தண்டு மெல்லியது, வெட்டுவது சுலபம். ஆனால் நீளமாக வளர்ந்தபின் வெட்டினால் கயிறுபோல் பிளேடுத் தண்டில் சுற்றிக்கொள்ளும். மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கு உயிரோடு இருப்பதால் ஒரு வெட்டோடு ஒழியாது. முழங்கால் உயரம் வருவதற்குள் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். அப்போதுதான் கிழங்கு சோரும். செம்பனைத் தோட்டத்தில் வெட்டிப் போட்ட மட்டை வரிசைக்குள் வண்டியை விடாதீர்கள்.

ஷியர் போல்ட் உள்ளது வாங்கலாமா, ஸ்லிப் கிளட்ச் உள்ளது வாங்கலாமா?

இரண்டும் ஒரே வேலைக்குத்தான். பிளேடு திடீரென்று ஏதோ ஒன்றில் சிக்கி நின்றால், அந்த அதிர்ச்சி கியர் பாக்ஸுக்கும் டிராக்டருக்கும் போகாமல் தடுப்பது.

ஷியர் போல்ட் என்பது ஷாஃப்ட்டின் முனையில் வேண்டுமென்றே பலம் குறைவாக வைத்த ஒரு போல்ட். அடி விழுந்தால் அது துண்டாகும், ஷாஃப்ட் சும்மா சுற்றும். விலை குறைவு. கல், கட்டை இல்லாத சுத்தமான நிலத்துக்கு இதுவே போதும். ஆனால் ஊரில் நடப்பது என்ன? போல்ட் உடைகிறது. கையில் மாற்றுப் போல்ட் இல்லை. பக்கத்து வெல்டிங் கடையில் அதே தடிமனில் கிடைக்கும் கெட்டியான போல்ட்டை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். "அண்ணே, இப்ப உடையவே மாட்டேங்குது" என்று சந்தோஷமாகப் போன் வரும். அடுத்த முறை உடைவது கியர் பாக்ஸின் பல். போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும் எண், கையேட்டில் சொன்ன எண்ணாகவே இருக்க வேண்டும். வாங்கும்போதே பத்துப் பதினைந்து போல்ட்டுகள் சேர்த்து வாங்கி, டிராக்டர் டூல் பெட்டியில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

ஸ்லிப் கிளட்ச்சில் ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கும் உராய்வுத் தட்டுகள் இருக்கும். அதிர்ச்சி வந்தால் அவை வழுக்கும், பிறகு தானாகப் பிடித்துக்கொள்ளும். கட்டை மறைந்துகிடக்கும் நிலத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். விலை கூடுதல், ஆனால் இறங்கி ஏறும் வேலை இல்லை. இறங்காமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு.

அதற்கும் பராமரிப்பு உண்டு. மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்றால் தட்டுகள் துருவேறி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அது கிளட்ச் அல்ல, ஒரே இரும்புக் கட்டி. பருவம் தொடங்கும்முன் ஸ்பிரிங் நட்டுகள் எந்த அளவில் இருக்கின்றன என்று அளந்துகொண்டு, எல்லாவற்றையும் ஒரே அளவாக இரண்டு சுற்று தளர்த்தி, தட்டுகளின் விளிம்பில் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, பி.டி.ஓ.வை இரண்டு மூன்று விநாடி மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். லேசாகப் புகை வரலாம். கோடு விலகியிருந்தால் தட்டு வழுக்குகிறது என்று அர்த்தம். பழைய அளவுக்கே திரும்ப இறுக்குங்கள். அளவைக் கையேட்டிலேயே பென்சிலால் குறித்துவைத்தால் அடுத்த ஆண்டு யாராவது பார்ப்பார்கள்.

அப்பா காலத்துப் பழைய டிராக்டர் இருக்கிறது. அதில் மாட்டலாமா?

மாட்டலாம். அதற்கு முன் கிளட்ச் எந்த வகை என்று கேளுங்கள். ஒற்றை கிளட்ச் வண்டியில் பி.டி.ஓ.வும் சக்கரங்களும் கிளட்ச்சுக்குப் பின்னால் ஒன்றோடு ஒன்று பிணைந்திருக்கும். ஓட்டுபவர் கிளட்ச்சை மிதித்தாலும், வெட்டியின் கனமான தட்டு சுற்றிக்கொண்டே இருப்பதால் அந்த வேகம் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து வண்டியை முன்னால் தள்ளும். வேலிக்கும் கிணற்றுக்கும் அருகில் இது உயிருக்கே ஆபத்து. மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரில் இது தெரியாது, மண் பிடித்து நிறுத்திவிடும். அதனால் ரோட்டவேட்டர் ஓட்டிப் பழகியவர் இதை எதிர்பார்க்க மாட்டார்.

இதற்கு 'ஓவர்ரன்னிங் கிளட்ச்' என்ற சிறிய உருளை உண்டு. டிராக்டரின் பி.டி.ஓ. முனையில் மாட்டினால், வெட்டி டிராக்டரைத் திருப்பிச் சுற்ற முடியாது. ஒற்றை கிளட்ச் வண்டிக்கு இது இல்லாமல் வெட்டி வாங்கிக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதை மாட்டினால் நீளம் கூடுவதால் ஷாஃப்ட்டை மறுபடி அளக்க வேண்டும்.

இரட்டை கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுக்க மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். ஓட்டுபவருக்கு அந்தப் பாதி எங்கே என்று காலுக்குத் தெரிய வேண்டும்.

மாட்டும் ஆணிகள் பொருந்துமா?

வெட்டியைக் கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு லிங்க்கும் பிடித்திருக்கும். சின்ன டிராக்டர்களில் இது பெரும்பாலும் முதல் வகை (Category 1) இணைப்பு: கீழ்க் கைகளின் ஆணி 22 மி.மீ., மேல் லிங்க் ஆணி 19 மி.மீ. இரண்டாம் வகையில் கீழே 28, மேலே 25. ஜோகூரில் ஓடும் ஜப்பானியப் பழைய சிறு வண்டிகளில் கைகளின் இடைவெளி குறுகலாகவும் ஆணி சிறியதாகவும் இருக்கக்கூடும். அளந்து பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பி.டி.ஓ. முனை பெரும்பாலும் ஆறு பல், 35 மி.மீ.; இதில் பிரச்சினை வருவது குறைவு.

வெட்டி 230 கிலோ, டிராக்டர் 750 கிலோ தூக்கும் என்கிறார்கள். கவலை இல்லைதானே?

750 என்பது கீழ்க் கைகளின் நுனியில். வெட்டியின் கனம் நுனியில் இல்லை, அங்கிருந்து இரண்டு மூன்று அடி பின்னால் இருக்கிறது. தள்ளிப் போகப் போகத் தூக்கும் திறன் குறையும். தூக்கிவிட்டாலும் முன்சக்கரம் லேசாகிவிடும்; வரப்பு ஏறும்போது ஸ்டியரிங் திருப்பினால் வண்டி திரும்பாது.

வண்டியோடு சேர்ந்த மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்க வேண்டும். முன்னால் மாட்டும் எடைக்கட்டிகளைச் சேர்த்தே விலை பேசுங்கள். நான்கு அடி வெட்டியைத் தேர்ந்தெடுக்க இது இன்னொரு காரணம்.

கடையில் நிற்கும்போது எதைப் பார்த்துத் தரத்தைக் கண்டுபிடிப்பது?

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ஊரிலிருந்து வீடியோ அழைப்பில் இவற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கியர் பாக்ஸின் தகடு: அதில் எத்தனை எச்.பி. தாங்கும் என்று எழுதியிருக்கும். வண்டியின் பலத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். கியர் பாக்ஸ் அமர்ந்திருக்கும் இடத்தில் மேல்தகட்டுக்கு அடியில் கூடுதல் சட்டம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்களா? வெறும் தகட்டில் நான்கு போல்ட் மட்டும் என்றால் இரண்டு ஆண்டில் அங்கே விரிசல் விடும். மேல்தகடு 3 மி.மீ.க்குக் கீழே வேண்டாம்.

அடியில் வட்டத் தட்டா, வெறும் சட்டமா? வட்டத் தட்டு என்றால் கட்டையின் மேல் ஏறிச் சறுக்கிவிடும். சட்டம் நேராகப் போய் முட்டும். கட்டை உள்ள நிலத்துக்குத் தட்டுதான்.

கல் பறப்பதைத் தடுக்கும் சங்கிலித் திரை முன்னாலும் பின்னாலும் இருக்கிறதா? பல கடைகளில் இதைத் தனியாக விற்கிறார்கள், சில இடங்களில் கேட்டால்தான் சொல்கிறார்கள். திரை இல்லாத வெட்டியை வாங்காதீர்கள். ஷாஃப்ட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையும் அப்படித்தான்.

சக்திமான், ஃபீல்டுகிங் போன்ற இந்திய நிறுவனங்கள் பல அளவுகளில் ஸ்லாஷர் செய்கின்றன. எந்தப் பெயர் என்பதைவிட, பிளேடும் ஆயில் சீலும் உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் கிடைக்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஷாஃப்ட்டை வெட்ட வேண்டும் என்கிறார்களே, புதுப் பொருளை எதற்கு வெட்டுவது?

ஷாஃப்ட் இரண்டு குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும். வெட்டியைத் தூக்கி இறக்கும்போது நீளம் மாறிக்கொண்டே இருக்கும். அது மிகக் குறுகும் நிலையிலும் உள்ளே ஒரு அங்குலமாவது இடம் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் குழாய் முட்டி, டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கை உடைக்கும். மிக நீளும் நிலையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும்.

கடையில் வரும் ஷாஃப்ட் எல்லா வண்டிக்கும் பொதுவான நீளம். சின்ன டிராக்டருக்குப் பெரும்பாலும் நீளம்தான். அளந்து, இரண்டு குழாய்களையும் உறைகளையும் ஒரே அளவு வெட்டி, பிசிறு தேய்த்து, உள்ளே கிரீஸ் தடவ வேண்டும். இதை டீலர் வந்து செய்து தர வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

இதற்குப் பதில் மல்ச்சர் வாங்கலாமா? ரோட்டவேட்டர் இருக்கிறதே, அது போதாதா?

மல்ச்சர் நன்றாகப் பொடியாக்கும், கல்லை எறிவதும் குறைவு. ஆனால் இந்தியச் சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் 45 எச்.பி.க்கு மேற்பட்ட வண்டிக்கானவை. சின்ன வண்டிக்கு 'ஃப்ளெயில் மோவர்' என்ற சிறிய வகை உண்டு; வீடு, பள்ளிக்கூடம் அருகில் நிலம் இருந்தால் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குவதே நல்லது. ரோட்டவேட்டர் மண்ணைக் கிளறும். தென்னையின் மேல்வேரை அறுத்துவிடும், புல் மூடியிருந்தால் நிற்கும் ஈரமும் போய்விடும். வேலை வேறு, கருவி வேறு.

பழையது ஒன்று பாதி விலைக்கு வருகிறது. நம்பலாமா?

டிராக்டரோடு இணைக்காமல், தகட்டைக் கட்டை வைத்து உயர்த்தி நிறுத்தி, அடித்தட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால் பேரிங் போய்விட்டது. கியர் பாக்ஸ் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிளேடு போல்ட்டின் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். அந்த பிளேடு ஒருநாள் கழன்று பறக்கும்.

அடியில், பிளேடுத் தண்டு கியர் பாக்ஸிலிருந்து வெளியே வரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டுநீர்க் குழாய், கம்பி, கயிறு ஏதாவது சுற்றியிருந்தால் ஆயில் சீல் அறுபட்டிருக்கும். வெளியே ஆயில் வழிந்த தடம் இருந்தால் உள்ளே வறண்டு ஓடியிருக்க வாய்ப்பு உண்டு.

எந்த உயரத்தில் வைத்து ஓட்டுவது?

முதல் வெட்டு 20 செ.மீ. உயரத்தில். கல், கட்டை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தபின் இரண்டாவது வெட்டு 8 முதல் 10 செ.மீ.க்கு இறக்கலாம். வெட்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஓர் அங்குலம் உயர்ந்திருக்கட்டும். அப்போது புல் முன்னால் ஒரே முறை வெட்டுப்பட்டுப் பின்னால் தடையில்லாமல் வெளியேறும், இன்ஜினுக்குப் பாரம் குறையும். சமமாக வைத்தால் பிளேடு அதையே இருமுறை அடிக்கும்.

இன்ஜின் சுற்றை மீட்டரில் 540 பி.டி.ஓ. குறியில் வைத்துவிட்டுத் தொடவே வேண்டாம். மெதுவாகப் போக வேண்டுமென்றால் கியரைக் குறையுங்கள், ஆக்சிலேட்டரைக் குறைக்காதீர்கள். சில மினி வண்டிகளில் 540க்கு மேல் இன்னொரு பி.டி.ஓ. வேகமும் இருக்கும், வெட்டிக்கு அதைப் போடக் கூடாது.

அக்கா மகன்தான் ஓட்டுவான். அவனுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?

பதினெட்டு வயது ஆகவில்லையென்றால் அவன் ஓட்ட வேண்டாம். ஆகியிருந்தால், கீழே சொல்வதை நீங்களே போனில் பேசிப் புரியவையுங்கள். மாமா சொன்னால் கேட்பான்.

கைலி, வேட்டி, தோளில் துண்டு எதுவும் கூடாது. பி.டி.ஓ. விநாடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. துண்டின் நுனி ஷாஃப்ட்டின் கிராஸில் (இரு முனைகளிலும் உள்ள மூட்டில்) சிக்கினால் முழுத் துண்டும் அதில் சுற்றிக்கொள்ள ஒரு விநாடி போதும். கையை எடுக்க நேரம் இருக்காது. பேன்ட், உடம்போடு ஒட்டிய சட்டை, ஷூ. இதில் சலுகையே வேண்டாம்.

கல் எங்கே வரை பறக்கும் என்று கேட்பார்கள். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் காயம் ஆகும். நிலத்தில் மாடு மேய்ப்பவர், தண்ணீர் கொண்டுவரும் பிள்ளை, பக்கத்துப் பாதையில் போகிறவர் யாராவது அந்த எல்லைக்குள் வந்தால் பி.டி.ஓ.வை நிறுத்திவிட வேண்டும். சிங்கப்பூர்ச் சாலையோரத்தில் நம் தமிழ்நாட்டுத் தம்பிகள் புல் வெட்டுவதைக் கவனியுங்கள். முகக்கவசம் போட்டிருப்பார்கள், கார் நிற்கும் இடத்தில் வலைத் தடுப்பு வைத்துக்கொள்வார்கள். ஒரு நைலான் கயிறு சுற்றும் கருவிக்கே அவ்வளவு. இது இரும்பு.

டிராக்டரில் வேறு யாரும் ஏறக்கூடாது. மட்கார்டில் உட்கார்ந்து வருகிற பழக்கம் ஊரில் எல்லா இடத்திலும் இருக்கிறது. அங்கிருந்து விழுந்தால் நேராகப் பின்னால்தான். கவிழ்ந்தால் காக்கும் ரோல் பார் இருந்தால் அதை மடக்காமல் சீட் பெல்ட் போட வேண்டும்.

இறங்குவதற்கு முன் பி.டி.ஓ. நிறுத்தம், வெட்டி தரையில் இறக்கம், இன்ஜின் நிறுத்தம், சாவி பையில். பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் பிளேடு சிறிது நேரம் சுற்றும். சத்தம் முழுக்க அடங்கும் வரை சீட்டிலேயே இருக்கட்டும். அடியில் குனிந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் ஹைட்ராலிக்கை நம்பாமல் தடித்த மரக்கட்டை முட்டுக்கொடுத்த பிறகுதான்.

எல்லைக்கல், ஆழ்துளைக் கிணற்றுக் குழாய், சொட்டுநீர்க் குழாய், மின்கம்பத்தின் இழுவைக் கம்பி இவை எங்கே இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து அவனிடம் கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்த நிலம் அவனுக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம்.

கிராஞ்சி, லிம் சூ காங் பண்ணைகளில் இது பயன்படுமா?

அங்குள்ள பண்ணைகள் சிறியவை. வடிகால், குழாய், கொட்டகை எல்லாம் நெருக்கமாக இருக்கும். ஓரத்தில் ஒதுங்கிய புதர் நிலம் இருந்தால் நான்கு அடி வெட்டி உதவும். பார்வையாளர்கள் வரும் பண்ணை என்றால் ஃப்ளெயில் மோவர்தான் சரி. அடிக்கடி மழை வருகிற ஊர் என்பதால் ஈரப்புல் தகட்டின் அடியில் அப்பிக்கொள்ளும். வேலை முடிந்த அன்றே சுரண்டிவிட வேண்டும். ஊழியரை ஓட்டவிடும் முதலாளிக்கு 2006ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி பொறுப்பு இருக்கிறது. பயிற்சி, அபாய மதிப்பீடு இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்று ஏக்கர்தான். வாங்குவதா, வாடகையா?

வாடகை. மேலே சொன்ன கணக்கின்படி மூன்று ஏக்கர் ஒரு நாளுக்கும் குறைவான வேலை, ஆண்டுக்கு மூன்று முறை. தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை மூலம் இயந்திரங்கள் கிடைக்கின்றன. உழவன் செயலியில் பாருங்கள். பத்து ஏக்கரைத் தாண்டினால், அல்லது அக்கம்பக்கத்துக்கும் வெட்டிக் கொடுக்க ஆள் இருந்தால், வாங்குவதில் அர்த்தம் உண்டு. மானியம் கேட்பதாக இருந்தால் நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் விண்ணப்பிக்க வேண்டும். வாங்கிய பிறகு விண்ணப்பித்துப் பயனில்லை, முதலில் விசாரியுங்கள்.

பராமரிப்புக்கு என்னென்ன?

கிராஸ்களுக்கு 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ். கியர் பாக்ஸுக்கு 90 கிரேடு கியர் ஆயில். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் துளையின் விளிம்புவரை நிற்க வேண்டும். பிளேடு போல்ட்டை முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் இறுக்கிப் பார்க்க வேண்டும், அதன்பின் ஒவ்வொரு நாளும்.

பிளேடைக் கத்திபோல் தீட்டாதீர்கள். விளிம்பு ஒன்று, ஒன்றரை மி.மீ. தடிமனில் இருப்பதே சரி. மெல்லியதாக்கினால் முதல் கல்லிலேயே பல் விழும். இரண்டையும் தராசில் வைத்து ஒரே எடைக்குத் தேய்க்க வேண்டும். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் அதிர்வு கியர் பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

பருவம் முடிந்ததும் அடியைச் சுரண்டி, பழைய ஆயில் பூசி, கொட்டகைக்குள் கட்டைகளின் மேல் நிறுத்துங்கள். வெளியே நிறுத்துவதாக இருந்தால் ஒரு பக்கம் சாய்த்து நிறுத்துங்கள். மேல்தகட்டின் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். கிராஞ்சியில் அதற்கு அபராதம் வரும், ஊரில் வீட்டில் இருப்பவர்களுக்குக் காய்ச்சல் வரும். ஷாஃப்ட்டைக் கழற்றி உள்ளே தொங்கவிடச் சொல்லுங்கள், தரையில் போட்டால் உறை உடையும். உடைந்த உறையை உடனே மாற்றுவதற்கான பணத்தை இங்கிருந்து கேட்காமலேயே அனுப்பிவிடுங்கள். "இது இல்லாமலும் ஓடுது மாமா" என்று அவர்கள் அதைத்தான் கடைசிவரை தள்ளிப்போடுவார்கள்.